மாலினி ரீச்சரின் டோல்கேட் கிளை

டோல்கேட் பக்கத்துச் சந்து ஒன்றில் மாடிப் போர்ஷனில் இருக்கும் அஜீசாவிடம் யாரும் எதையும் சும்மா கேட்டுவிட முடியாது. கேட்டால் பதில் வந்துவிடும். போன கரண்ட் எப்போது வரும், பல்வலிக்கு எது நல்லது, ரேஷனில் பாமாயில் என்றைக்குப் போடுவார்கள், துபாயில் இப்போது மணி என்ன, எல்லாவற்றுக்கும் அவளிடம் விடை உண்டு. பாதி சரியாக இருக்கும். மீதியைச் சரிபார்க்க அந்தச் சந்தில் யாருக்கும் நேரமில்லை. பழைய வண்ணாரப்பேட்டைக் கடை ஒன்றுக்கு நைட்டி தைத்துக் கொடுப்பது அவள் தொழில். மோட்டார் வைத்த மிஷினின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவள் குரலும் அந்த உயரத்திலேயே நின்றுபோனது. அவள் மாடியில் யாரிடமாவது ரகசியம் சொன்னால் கீழ்ப் போர்ஷன் அம்மு அங்கிருந்தே "சரிக்கா" என்பாள்.

புருஷன் ஜஹாங்கீர் டிரெய்லர் ஓட்டுகிறான். ஓட்டுகிறான் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு எண்ணூர் ரோட்டில் ஹார்பருக்குள் நுழைய வரிசையில் நிற்பதே பெரும்பாலும் அவன் வேலை. நிற்கிற நேரத்தில் போன் பண்ணுவான். போனில் சொல்வதற்கு விஷயம் ஒன்றும் இருக்காது. "இன்னா பண்ற" என்பான். "தைக்கிறேன்" என்பாள் இவள். "சரி" என்று வைத்துவிட்டு, வண்டி இரண்டடி நகர்ந்ததும் மறுபடி பண்ணுவான்.

இவர்களின் ஒரே மகள் அனம், அம்மாவுக்கு நேர் எதிர். ஒரு கேள்வி கேட்டால் அதை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு நிதானமாகப் புரட்டிப் பார்ப்பாள். பதில் வருவதற்குள் கேட்டவர் எழுந்து போயிருப்பார். வீட்டில் இது பெரிய குற்றமில்லை. பள்ளிக்கூடத்தில் குற்றம். அங்கே டீச்சர் வாய் மூடுவதற்குள் கை தூக்குகிறவள் கெட்டிக்காரி, மற்றதெல்லாம் மக்கு. டீச்சர் ஸ்கேலால் மேஜையைத் தட்டி "சொல்லு, சொல்லு" என்றால் அனத்துக்குத் தெரிந்ததும் மறந்துவிடும். நாலாம் வகுப்பு முடிகிற சமயத்தில், பெற்றோர் கூட்டத்தில், அந்தத் தனியார் பள்ளியின் கரஸ்பாண்டென்ட் அத்தனை பேர் நடுவில் சொன்னார்:

"இந்தப் பொண்ணுக்கு மண்டையில ஏறாதும்மா. இன்னொரு வருஷம் நாலாவதே படிக்கட்டும்."

அஜீசா எழுந்தாள்.

"ஏறலையா, ஏத்தத் தெரியலையா? டிசி குடுங்க. எம் புள்ளைக்கு நானே சொல்லித் தரேன். அடுத்த வருஷம் ஆறாவதுல உக்கார வெச்சுக் காட்டல, எம் பேரு அஜீசா இல்ல."

அஜீசா படித்தது எட்டாவது. அதிலும் கணக்கில் அவளுக்கும் கணக்கு வாத்தியாருக்கும் பேச்சுவார்த்தை இருந்ததில்லை. ஆத்திரம் தண்டையார்பேட்டை மார்க்கெட் வரும்போதே இறங்கிவிட்டது. ஆனால் அவள் விட்ட சவால் அவளுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தது. அதை அழைத்து வந்தவள் நாத்தனார் நவ்ரீன்.

"ஆறாவதுல சேத்துக்கலன்னா பேஜாரா எடுத்துக்காத அண்ணி. எம் பொண்ணு அடுத்த வருஷம் ராயபுரம் ஸ்கூல்ல அஞ்சாவது. அவகூட உக்காரட்டும். சின்னவதான், இருந்தாலும் தொணையா இருப்பா."

நவ்ரீன் நல்ல மனசோடுதான் சொன்னாள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அனம் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனாள். தன்னைவிடச் சின்னவளோடு ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும் என்பது அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு கனம் என்று அஜீசாவுக்கு அந்தத் தட்டைப் பார்த்துத்தான் புரிந்தது. அப்போது அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

பயம் வந்தால் அஜீசா வேலையைப் பெரிதாக்கிவிடுவாள். மறுவாரமே வீட்டில் பள்ளிக்கூடம் திறந்தது. நைட்டித் துணியில் மிஞ்சியதை வைத்து அனத்துக்கு ஒரு யூனிபார்ம் தைத்தாள். நீலத்தில் மஞ்சள் பூப் போட்ட யூனிபார்ம். காலையில் பிரேயர் உண்டு, அட்டெண்டன்ஸ் உண்டு. ஒரே ஒரு பேரைக் கூப்பிட்டு, அந்தப் பேர் "உள்ளேன்" என்று சொல்லும்வரை மிஷினில் கை வைக்க மாட்டாள். குக்கர் மூன்றாவது விசில் அடித்தால் இன்டர்வெல். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்திருந்த ஐந்தாம் வகுப்புப் புத்தகங்களில் தமிழும் கணக்கும் கிடைத்தன. மற்றது கிடைக்கவில்லை. அரசாங்கமே புத்தகத்தை போனில் இலவசமாகப் போட்டிருக்கிறது என்று அம்மு சொல்லி, இறக்கியும் பார்த்தாள். எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. பெரிதாக்கினால் பாதி வரி ஓடி ஒளிந்துகொண்டது. மூடிவிட்டாள்.

அடுத்து, இலவசமாகப் பாடம் நடத்துகிறவர்களை போனில் தேட ஆரம்பித்தாள். ஒரு ஆப் ஒரு வாரம் சும்மா சொல்லித் தந்தது. பிறகு ஒரு பையன் தினம் போன் பண்ணி "மேம், உங்க குழந்தையோட எதிர்காலம்" என்று பணம் கட்டச் சொன்னான். அஜீசா அவனுக்கு நைட்டி விற்கப் பார்த்தாள். அதோடு அவன் நின்றான். ஒரு சேனலில் கணக்கு சார் போர்டை அடித்து அடித்துக் கத்தினார், அனம் தலையணையைக் கட்டிக்கொண்டாள். இன்னொருவர் ஒவ்வொரு வகுத்தலுக்கு நடுவிலும் பெல் பட்டனை அழுத்தச் சொன்னார்.

அப்படித்தான் மாலினி ரீச்சர் கிடைத்தாள். பெயரை அப்படித்தான் எழுதியிருந்தது. டீச்சர் என்று எழுதத் தெரியாதவள் என்னத்தை நடத்திக் கிழிக்கப்போகிறாள் என்று அஜீசா தள்ளிவிடப் பார்த்தாள். அதற்குள் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் திரையில் வந்து, பக்கத்து வீட்டில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஆரம்பித்துவிட்டாள்.

"வணக்கம் பிள்ளையள். இண்டைக்குப் பின்னம் படிப்பம். ஒருத்தரும் அவசரப்படாதேங்கோ. விளங்காட்டிப் பரவாயில்லை, திரும்பவும் பாப்பம்."

அனம் தலையணையை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னாக்கா, இந்தம்மா எந்த ஊரு? பேச்சு ஒரு மாரியா கீதே?" என்று அம்மு கேட்டாள்.

அஜீசாவிடம் கேட்டால் பதில் வந்துவிடும் என்று முதலிலேயே சொன்னேன். "கன்னியாகுமரிப் பக்கம்," என்றாள். "அங்கெல்லாம் படிச்சவங்க இப்டித்தான் பேசுவாங்க. சுத்தத் தமிழு."

விஷயம் அதோடு முடிந்தது. சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த போனில் மாலினி ரீச்சர் நடத்த, இந்தப் பக்கம் மிஷின் ஓட, டோல்கேட் கிளை அமோகமாக நடந்தது. அனத்துக்குப் பிடித்தது ரீச்சரை மட்டுமல்ல. ரீச்சரை ஒரு விரலால் நிறுத்தலாம். புரியாவிட்டால் பின்னுக்கு இழுத்து மறுபடி சொல்லவைக்கலாம். எத்தனை தடவை இழுத்தாலும் ரீச்சர் முகம் சுளிக்கவில்லை, ஸ்கேலை எடுக்கவில்லை. ஒரே பின்னத்தை அனம் பத்துத் தடவை சொல்லவைத்துக் கேட்டுவிட்டு, பதினோராவது தடவை ரீச்சருக்கு முன்னால் தானே விடையைச் சொல்வாள். ரீச்சர் "கெட்டிக்காரி" என்று திரையிலிருந்து சொன்னது தனக்குத்தான் என்று அவள் நம்பினாள். இதற்கெல்லாம் ஒரே இடைஞ்சல் ஜஹாங்கீர். அவன் கூப்பிட்டால் பாடம் பாதியில் நின்றுவிடும்.

"கிளாஸ் டைம்ல போன் பண்ணாதய்யா," என்று அஜீசா சொல்லிவிட்டாள். "புள்ள படிக்கணுமா, நீ வரிசையில நிக்கிறத நான் கேட்டுக்கினு இருக்கணுமா?"

சில விஷயங்கள் அஜீசாவுக்கு இடித்தன. ரீச்சர் கணக்கில் ஒரு தேங்காய் நூற்றைம்பது ரூபாய்க்கு விற்றது. பாண் என்ற ஏதோ ரொட்டி றாத்தல் நூற்று நாற்பதுக்கு விற்றது. "நூத்தம்பது ரூபாய்க்கு எவ தேங்கா வாங்குவா? இந்தம்மாவ எவனோ நல்லா ஏமாத்திக்கினு கீறான், பாவம்," என்று பரிதாபப்பட்டாள். மேலே 'தரம் 5' என்று போட்டிருந்தது வகுப்பு என்று தெரியாமல், சரக்கு தரமானது என்று சொல்கிறார்கள் என எடுத்துக்கொண்டாள்.

அனத்தின் பேச்சு மாறத் தொடங்கியது. ஜெயவேல் மளிகைக் கடைக்குப் போய் "அண்ணை, சவர்க்காரம் ஒண்டு தாங்கோ" என்றாள். அவர் கொஞ்சம் யோசித்து, "அது நாட்டு மருந்துக் கடையில கேளு பாப்பா," என்று அனுப்பிவிட்டார். சோப்பு வராமல் அன்றைக்கு வீட்டில் யாரும் ஒழுங்காகக் குளிக்கவில்லை. திருவொற்றியூர் பக்கம் போகும் ரயிலைப் பார்த்தால் "புகையிரதம்" என்றாள்.

"இன்னா அண்ணி, கொழந்த கல்வெட்டு மாரி பேசுது?" என்றாள் நவ்ரீன்.

"நம்ம கலீஜா பேசறோம் நவ்ரீன். அது படிச்ச பேச்சு," என்றாள் அஜீசா. பெருமையில் அன்றைக்கு ஒரு நைட்டிக்குக் கை மாற்றித் தைத்துவிட்டாள்.

ஒருநாள் ஜஹாங்கீர் அதிசயமாக வீட்டில் இருந்தான். "இந்தக் கதிரையில இருங்கோ அத்தா" என்று மகள் நாற்காலியைக் காட்டியதிலேயே அவன் ஆடிப்போயிருந்தான். நாட்டிலேயே நீளமான ஆறு எது என்று ரீச்சர் கேட்டதும் அனம் "மகாவலி கங்கை" என்றாள்.

"கங்கதான். கரெக்டா சொல்லுது," என்று ஜஹாங்கீர் டீயை உறிஞ்சினான். "ஒரு வாட்டி லோடு ஏத்திக்கினு அந்தாண்ட போயிருக்கேன். செம்ம தண்ணி."

படித்த குடும்பமாகிவிட்டோம் என்று அஜீசாவுக்குக் கண் கலங்கியது.

மறு வருஷம் மே மாதம், மனுப் போட்டிருந்த ராயபுரத்துப் பெண்கள் பள்ளியில் கூப்பிட்டார்கள். பிள்ளையை ஆறாவதில் உட்காரவைப்பதா ஐந்தாவதிலா என்று தலைமையாசிரியையே பேசிப் பார்த்து முடிவு செய்வார். அவர் பெயர் ஜஹானாரா. வெள்ளைச் சேலை, தாழ்ந்த குரல். அந்த அறைக்குள் அஜீசாவின் "ஸலாமலைக்கும் மேடம்" போனதும் பக்கத்து அறை கிளார்க் எட்டிப் பார்த்தார். அனம் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"ஈஸியா ஆரம்பிப்போம்," என்றார் தலைமையாசிரியை. "நம்ம நாட்டோட தலைநகரம் எது?"

"ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டை," என்றாள் அனம்.

அஜீசாவுக்கு டெல்லி என்று ஒரு நினைவு. ஆனால் ஊர்ப் பெயர்களை எல்லாம் இப்போது மாற்றிக்கொண்டே இருக்கிறார்களே, டெல்லிக்கும் மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டாள். மகள் தயங்காமல் சொன்ன அழகே போதும்.

தலைமையாசிரியை பேனாவைக் கீழே வைத்தார். "தேசியப் பறவை?"

"காட்டுக்கோழி."

கிளார்க் இருமினார். இருமல் மாதிரி இல்லை.

"நம்ம நாட்டுல எத்தனை மாநிலம் இருக்கு?"

"மாநிலம் இல்லை டீச்சர், மாகாணம்," என்று அனம் பொறுமையாகத் திருத்தினாள். "ஒன்பது."

தலைமையாசிரியை அஜீசாவைப் பார்த்தார். "யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"நாந்தான் மேடம். அதாவது, இவங்கள வெச்சு," என்று அஜீசா போனை எடுத்து நீட்டினாள். மாலினி ரீச்சர் வணக்கம் பிள்ளையள் என்றாள். தலைமையாசிரியை உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு பார்த்தார்.

"இது யாழ்ப்பாணம்மா."

"அது எங்க மேடம் கீது? கன்னியாகுமரி தாண்டியா?"

"கடல் தாண்டி. சிலோன். உங்க பொண்ணு ஒரு வருஷமா இலங்கையப் பத்திப் படிச்சிருக்கா. நல்லாவே படிச்சிருக்கா."

கிளார்க் இந்தத் தடவை இருமவில்லை. வாய்விட்டே சிரித்தார். அஜீசாவுக்குக் காது இரண்டும் சுட்டது. நூற்றைம்பது ரூபாய்த் தேங்காய், புகையிரதம், கங்கை எல்லாம் வரிசையாக வந்து அவள் முன்னால் நின்றன. கப்பல் வந்து போகிற ஊரில், கன்டெய்னர் இழுக்கிறவனுக்கு வாழ்க்கைப்பட்டும், மகளை அடுத்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில் படிக்கவைத்திருக்கிறாள். கன்னியாகுமரி என்று தான் சொன்ன ஒரு வார்த்தையில் பிள்ளையின் ஒரு வருஷம் போய்விட்டது. அவளுக்குத் தன் நாக்கின் மேலேயே கோபம் வந்தது.

"ஒண்ணும் தப்பில்ல," என்றார் தலைமையாசிரியை. "அஞ்சாவதுல உக்காரட்டும். ஒரு வருஷம் நம்ம பாடத்தப் படிச்சா சரியாயிடும்."

அஜீசா வாயைத் திறந்தாள். கரஸ்பாண்டென்டிடம் கத்தியது போல இங்கே கத்த ஒன்றுமில்லை. இந்த அம்மாள் நியாயமாகத்தான் பேசுகிறார். திறந்த வாயை மூடிக்கொண்டு போனைப் பைக்குள் வைத்தாள்.

"டீச்சர்," என்றாள் அனம். "நாட்டைத்தான் பிழையாப் படிச்சிட்டன். கணக்கு கேளுங்கோ. கணக்கு எல்லா நாட்டுக்கும் ஒண்டுதானே?"

தலைமையாசிரியை பேனாவை மறுபடி எடுத்தார். "சரி. ஒரு தொட்டியில ஆயிரத்து இருநூறு லிட்டர் தண்ணி. மூணுல ஒரு பங்கு காலையில செலவாச்சு. மீதியில பாதி சாயங்காலம் செலவாச்சு. மிச்சம் எவ்வளவு?"

அனம் சுவரைப் பார்த்தாள். அஜீசாவுக்கு இந்த மௌனம் தெரியும். பழைய பள்ளிக்கூடத்தில் ஸ்கேல் விழுகிற நேரம் இதுதான். தானும் மனசுக்குள் கணக்கைப் போட்டுப் பார்த்தாள், வரவில்லை. வந்திருந்தால் காதோடு சொல்லியிருப்பாள். அவள் காதோடு சொன்னால் வாசல் வாட்ச்மேனுக்கும் கேட்டிருக்கும். அதனால் துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டாள்.

"டீச்சர்," என்றாள் அனம். "கொஞ்சம் பின்னுக்குப் போங்கோ. மூணுல ஒரு பங்குல இருந்து."

"என்னது?"

"திரும்பச் சொல்லுங்கோ. மெல்லமா."

கிளார்க் சிரிப்பை நிறுத்திவிட்டார். தலைமையாசிரியை ஒரு கணம் அந்தப் பிள்ளையைப் பார்த்தார். முறைக்கிறாளா, விளையாடுகிறாளா என்று பார்த்தார். இரண்டும் இல்லை. டீச்சர் என்றால் நிறுத்தலாம், பின்னுக்கு இழுக்கலாம், எத்தனை தடவையும் சொல்லவைக்கலாம் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். போனில் இருக்கிற டீச்சர் அப்படித்தான். நேரில் இருக்கிறவர் மட்டும் ஏன் வேறாக இருக்க வேண்டும்?

தலைமையாசிரியை மறுபடி சொன்னார், மெதுவாக.

"இன்னொருக்கா."

மூன்றாவது தடவையும் சொன்னார். மீதியில பாதி என்று ஆரம்பித்தபோது அனம் உள்ளங்கையை உயர்த்தினாள். "நில்லுங்கோ. வந்திட்டுது. நானூறு லிட்டர்."

அடுத்த கணக்கும் அப்படியே போனது. ஓர் இடத்தில் நிறுத்தி, ஓர் இடத்தில் பின்னுக்கு இழுத்து, விடை வந்தது. மூன்றாவது கணக்கில் அனம் நெடுநேரம் யோசித்துவிட்டு, "இது எனக்குத் தெரியேல்லை டீச்சர். ஒருக்காச் சொல்லித் தாறீங்களோ?" என்றாள். அழவில்லை. தலை குனியவில்லை. தலைமையாசிரியை தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து இந்தப் பக்கம் வந்து, ஒரு காகிதத்தை எடுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அஜீசா பார்த்துக்கொண்டே இருந்தாள். மண்டையில் ஏறும் என்று ஊருக்குக் காட்டத்தான் அவள் இவ்வளவும் செய்தாள். தன் பெண்ணுக்குப் பயம் போய்விட்டது என்பதை அவளே இப்போதுதான் பார்க்கிறாள்.

தலைமையாசிரியை தன் இடத்துக்குத் திரும்பி, எதிரே இருந்த தாளில் ஆறு என்று எழுதினார்.

"ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள நம்ம நாட்டப் படிச்சிட்டு வரணும். கணக்குக்கு அந்த டீச்சரையே வெச்சுக்கோங்க. ஆனா இவள கிளாஸுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி எங்க டீச்சருங்ககிட்ட நான் பேசியாகணும்."

"ஏன் மேடம்?" என்றாள் அஜீசா.

"பாதியில நிறுத்துவா. பின்னுக்குப் போங்கம்பா. அவங்களுக்கு அது பழக்கமில்ல. நல்லபடியா எடுத்துச் சொல்லணும்."

அஜீசா நன்றி சொல்ல நினைத்தாள். அதற்குப் பதிலாக அழுகை வந்தது. துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாலும் கிளார்க் மறுபடி எட்டிப் பார்க்கும் அளவுக்கு அது கேட்டது. தலைமையாசிரியை பதறி எழுந்தார். அனம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாவுக்கு ஒண்டும் இல்லை டீச்சர்," என்றாள். "கொஞ்சம் பொறுங்கோ. அவசரம் இல்லை."